டாங்கரைச் சுற்றி எண்ணெய் தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நங்கூரமிட்டு நிற்கும் டாங்கரைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரிகிறது. ஒரு டைவரை இறக்கிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று ஒரே நாளில் தெரிந்துவிடாதா, விசாரணை ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. அந்த எண்ணெய் அந்தக் கப்பலுடையதுதானா? ஆமென்றால் கப்பலின் எந்த இடத்திலிருந்து வருகிறது? அந்த இடம் ஏன் விட்டுக்கொடுத்தது? டைவர் இரண்டாவது கேள்வியின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறார். நான் கப்பல் இன்ஜினியராக இருந்து பிறகு சர்வேயர், அதாவது கப்பல்களைச் சோதித்து அறிக்கை தருபவர், வேலைக்கு வந்தவன். அந்த இரண்டாவது கேள்விதான் என் தொழில். முதல் கேள்வியில் சாம்பிள் எடுத்து அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வேதியியலாளர்கள் தரும் அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்பவன், அவ்வளவே.

டாங்கர் என்றதும் சரக்கு எண்ணெய்தான் கசிகிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். அதே கப்பலில் இன்ஜினுக்கான கனரக எரிபொருள், டீசல், லூப் ஆயில், டெக் இயந்திரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் ஆயில், இன்ஜின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் கழிவு என்று பலவகை எண்ணெய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடலுக்குப் போகும் வழி வேறு. அதனால் நான் முதலில் கேட்பது "எங்கே ஓட்டை?" என்றல்ல, "என்ன எண்ணெய்?" என்றுதான். கறுப்பாக, பிசுபிசுவென்று, தார் வாடையோடு இருந்தால் ஒரு பக்கம் தேடவேண்டும். மெல்லிய வானவில் நிறத்தில், கிட்டத்தட்ட வாடையே இல்லாமல் இருந்தால் வேறு பக்கம். பாதித் தேடல் இதிலேயே குறைந்துவிடும்.

அடுத்து, எவ்வளவு எண்ணெய் என்பது. இங்கே கண் நன்றாக ஏமாற்றும். விமானத்திலிருந்து பார்ப்பவர்கள் பயன்படுத்தும், வட கடல் நாடுகளின் பான் உடன்படிக்கை தந்த நிற அட்டவணைப்படி, வெள்ளிபோல் மின்னும் படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரான்தான். ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்க அது பரவியிருந்தாலும் மொத்த எண்ணெய் 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000 லிட்டர் வரை. உண்மையான கறுப்பு நிறம் தொடர்ச்சியாகத் தெரிந்தால்தான் 2 லட்சம் லிட்டருக்கு மேல். செய்திப் படங்களில் பரந்து விரிந்து பயமுறுத்தும் வெள்ளித் திட்டு இரண்டு மூன்று வாளி எண்ணெயாக இருக்கலாம். அதன் ஓரத்தில் சின்னதாகத் தெரியும் கறுப்புப் பட்டையில்தான் பெரும்பகுதி எண்ணெய் இருக்கும். பரப்பை வைத்து ஓட்டையின் அளவைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இடத்திலும் இதே ஏமாற்று உண்டு. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்நோக்கித் திரும்பி நிற்கும். முன்பக்கம் கசியும் எண்ணெய் கப்பலின் பக்கவாட்டை ஒட்டியே பின்னால் போய், வால்பக்கத்தில் பிரிந்து விரியும். பார்க்கிறவர்கள் எல்லோரும் புரொப்பெல்லரைக் கைகாட்டுவார்கள். அடிப்பகுதியில் கசிந்தால் இன்னும் மோசம்: தட்டையான அடித்தகட்டை ஒட்டி ஊர்ந்து, எங்கே வளைவு வருகிறதோ அங்கே மேலே எழும். அது ஓட்டையிலிருந்து பல பத்து மீட்டர் தள்ளி இருக்கலாம். படலம் தெரியும் இடத்திலேயே டைவரை இறக்கினால் அவர் சுத்தமான தகட்டைப் படம் பிடித்துக்கொண்டு வருவார்.

அதனால் வெளியே பார்ப்பதற்கு முன் உள்ளே கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டேங்கிலும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று அளப்பார்கள். அதற்கு அல்லேஜ் என்று பெயர். ஏற்றி முடித்தபோது எடுத்த அல்லேஜையும் இப்போது எடுக்கும் அல்லேஜையும் ஒப்பிட்டால் எந்த டேங்க் குறைந்திருக்கிறது என்று தெரியவேண்டும். தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும். 10,000 கன மீட்டர் கச்சா எண்ணெய் 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தாலே ஏறக்குறைய 7 முதல் 9 கன மீட்டர் சுருங்கும். வெப்பநிலையை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் எடுத்துத் திருத்தாவிட்டால், கசியாத டேங்க் கசிவது போலத் தெரியும். இன்னொரு எல்லையும் இருக்கிறது. அந்த 10,000 கன மீட்டர் 20 மீட்டர் ஆழமுள்ள ஒரே டேங்கில் இருந்தால் அதன் பரப்பு 500 சதுர மீட்டர். மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்குவதற்கு 5,000 லிட்டர் போகவேண்டும். மணிக்கு 50 லிட்டர் கசிந்தால் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு 100 மணி நேரம் ஆகும். கப்பல் கொஞ்சம் ஆடினால் அளவு நாடாவில் அதைவிடப் பெரிய பிழை வரும். ஆகவே "எங்கள் டேங்க் மட்டம் எதுவும் குறையவில்லை" என்று சீஃப் ஆபீசர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது.

பெரிய ஓட்டை என்றால் கணக்கு நன்றாகப் பேசும். டேங்கின் அடியில் ஓட்டை விழுந்து கடலோடு நேரே தொடர்பு வந்துவிட்டது என்று வையுங்கள். மிதக்கும் கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருந்தால், அங்கே கடலின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 15.4 டன். அடர்த்தி 0.86 உள்ள எண்ணெய் 20 மீட்டர் உயரம் நின்றால் உள்ளே 17.2 டன். உள் அழுத்தம் அதிகம், எண்ணெய் வெளியேறும். மட்டம் 17.9 மீட்டருக்கு இறங்கியதும் இரண்டும் சமமாகிக் கசிவு நின்றுவிடும். டேங்கின் மேல்வெளியில் நெருப்பைத் தடுக்க அடைத்திருக்கும் மந்த வாயுவின் அழுத்தமும் எண்ணெயை வெளியே தள்ளும் என்பதால், விவரம் தெரிந்த கேப்டன் முதலில் அந்த அழுத்தத்தைக் குறைப்பார். சரி, ஓட்டை அடியில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால்? அழுத்தம் சமமான பிறகும் கதை முடியாது. கடல்நீர் கனமானது, ஓட்டையின் கீழ்ப்பாதி வழியாக உள்ளே வந்து அடியில் தங்கும், அதே அளவு எண்ணெய் மேல்பாதி வழியாக வெளியேறும். மட்டம் அசையாது, ஆனால் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி டேங்கின் அடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் கோட்டைக் காட்டும் நாடா எல்லா டாங்கரிலும் இருக்கும். மணிக்கொரு முறை அளந்து, தண்ணீர் ஏறி எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்தால், ஓட்டை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். டைவர் இறங்குவதற்கு முன்பே அவரை எத்தனை மீட்டர் ஆழத்துக்கு, எந்த டேங்குக்கு நேரே அனுப்பவேண்டும் என்று சொல்லிவிடலாம். ஒரே ஓட்டையாக இருந்தால் மட்டும். இரண்டு இருந்தால் இந்தக் கணக்கு குழப்பும், அலையடித்தாலும் குழப்பும். தரைதட்டிய கப்பல் என்றால் இன்னொரு அடையாளம் கிடைக்கும்: கடல் வற்றும்போது வெளி அழுத்தம் குறைந்து கசிவு கூடும், ஏற்றத்தில் குறையும். மிதக்கும் கப்பலில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது.

இப்போது ஓடும் டாங்கர்கள் பெரும்பாலும் இரட்டைத் தோல் கொண்டவை. 1996 ஜூலை 6-ஆம் தேதிக்குப் பிறகு கட்டி ஒப்படைக்கப்பட்ட பெரிய டாங்கர்களுக்கு கப்பல்களால் வரும் கடல் மாசைத் தடுக்கும் சர்வதேச மார்போல் விதிகள் அதைக் கட்டாயமாக்கின. சரக்கு டேங்குக்கும் கடலுக்கும் நடுவில் பல்லாஸ்ட் டேங்க், அதாவது சரக்கில்லாதபோது கப்பலை நிலையாக வைக்கக் கடல்நீர் நிரப்பும் டேங்க், இருக்கும். இதனால் விசாரணை எளிதாகவும் ஆகிறது, சிக்கலாகவும் ஆகிறது. உள்தகட்டில் விரிசல் விட்டால் எண்ணெய் கடலுக்கு வராது, பல்லாஸ்ட் டேங்கில் சேர்ந்து நிற்கும். பிறகு எங்கோ ஒரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது பல்லாஸ்ட் நீரை வெளியேற்றினால் அப்போதுதான் தெரியும். ஆகவே படலம் எந்த நேரத்தில் முதலில் தெரிந்தது, அந்த நேரத்தில் கப்பலில் எந்த பம்ப் ஓடிக்கொண்டிருந்தது என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுவது முக்கியம். பல்லாஸ்ட் பம்ப் ஓடும்போது மட்டும் படலம் வந்தால் கிட்டத்தட்ட விடை கிடைத்துவிட்டது. 2012 முதல் கட்டப்பட்ட, 20,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் டாங்கர்களில், சரக்கை ஒட்டியிருக்கும் பல்லாஸ்ட் டேங்குகளில் எரிவாயு மோப்பம் பிடிக்கும் நிலையான கருவி இருக்கவேண்டும்; அதன் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தால் உள்விரிசல் எப்போது தொடங்கியது என்றுகூடச் சில சமயம் தெரியும்.

தகட்டில் ஓட்டையே இல்லாத கசிவுகள்தான் என் அனுபவத்தில் அதிகம். பம்ப் ரூமில் சரக்குக் குழாயைக் கடலோடு இணைக்கும் வால்வுகள் உண்டு. இரண்டு வால்வுகளை அடுத்தடுத்து வைத்து நடுவில் தடுப்பும் போட்டிருப்பார்கள், இருந்தாலும் வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் இடத்தில் ஒரு துரும்பு மாட்டிக்கொண்டால் போதும். சரக்கு பம்ப் ஓடும்போது படலம், நிறுத்தினால் இல்லை என்றால் அங்கேதான் போகவேண்டும். புரொப்பெல்லர் தண்டு கப்பலுக்கு வெளியே வரும் ஸ்டெர்ன் டியூபின் சீல் இன்னொன்று. அறுந்த மீன்வலையும் தூண்டில் நரம்பும் தண்டில் சுற்றி அந்த ரப்பர் சீலை அறுத்துவிடும். உள்ளே எண்ணெய் அழுத்தம் கடலைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பதால் எண்ணெய் வெளியே போகும். இதற்கு டைவர் தேவையில்லை. மேலே இருக்கும் சிறு எண்ணெய்த் தொட்டியில் தினமும் எவ்வளவு ஊற்றினோம் என்று இன்ஜின் லாக் புக்கில் எழுதியிருக்கும். எழுதாமல் விட்டிருந்தால், கடையிலிருந்து வாங்கிய டிரம் கணக்கும் காலி டிரம் கணக்கும் காட்டிக்கொடுக்கும். டெக்கில் ஹைட்ராலிக் குழாய் வெடித்து மழைநீரோடு வழிந்தது, எரிபொருள் நிரப்பும்போது காற்றுக்குழாய் வழியே பொங்கியது, சரக்கு இணைப்புக் குழாய்க்கடியில் உள்ள தட்டு நிரம்பியது, இவையெல்லாம் கூட உண்டு. டெக் ஓர வடிகால் அடைப்பான்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. சந்தேகப்படும் டேங்கின் எண்ணெயை வேறு டேங்குக்கு மாற்றுங்கள், வால்வைப் பூட்டுங்கள், தண்டு எண்ணெயின் அழுத்தத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். பதற்றத்தில் மூன்றையும் ஒன்றாகச் செய்து கசிவு நின்றுவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, மூலம் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மாசைத் தடுக்க உடனே எல்லாவற்றையும் மூடத்தான் வேண்டும் என்றால் மூடுங்கள், அதில் விவாதமே இல்லை. ஆனால் எந்த நிமிடம் எதை மூடினோம் என்று எழுதி வையுங்கள். இதற்குப் பிறகுதான் டைவர் அல்லது நீருக்கடி கேமரா. டேங்கைக் காலி செய்து, வாயு நீக்கி, உள்ளே போய் வெல்டுகளைப் பார்ப்பது அதற்கும் பிறகு. அங்கே ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறதா, எரிவாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இல்லையா என்று அளக்காமல் எவரும் தலையை நுழைக்கக் கூடாது. மூடிய டேங்குக்குள் போய் மயங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இந்தத் தொழிலில் இன்னும் நடக்கிறது.

இனி முதல் கேள்வி, அந்தக் கப்பலின் எண்ணெய்தானா என்பது. ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை, நிறை நிறமாலை கொண்டு எண்ணெயின் கூறுகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். எண்ணெய் உருவான பாறையிலிருந்து வந்த ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற மூலக்கூறுகள் வெயிலிலும் அலையிலும் பாக்டீரியாவிலும் எளிதில் அழியாது. இலேசான பகுதிகள் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், அதனால் கடலில் கிடந்த எண்ணெயும் டேங்கில் இருப்பதும் அப்படியே ஒத்துப்போகாது. அழியாத கூறுகளின் விகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. ஐரோப்பியத் தரமுறையில் முடிவுகள் நான்கு: பொருந்துகிறது, பொருந்த வாய்ப்புண்டு, முடிவு சொல்ல முடியாது, பொருந்தவில்லை. இந்த நான்கில் "பொருந்தவில்லை" என்பதே எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு கப்பலையோ ஒரு டேங்கையோ உறுதியாகக் கழித்துவிடலாம். "பொருந்துகிறது" என்பதில் ஒரு பொறி உண்டு. ஒரே முனையத்தில் ஒரே கச்சா எண்ணெயை ஏற்றிய இரண்டு கப்பல்களின் சரக்கு ஒரே கைரேகையைத்தான் காட்டும். வேடிக்கை என்னவென்றால், பல துறைமுக எரிபொருளும் லூப் ஆயிலும் கலந்த அழுக்கு பில்ஜ் கழிவு அந்தந்தக் கப்பலுக்கே உரிய கலவை. அதைத்தான் நிச்சயமாக அடையாளம் காட்டலாம். எரிபொருள் என்றால், நிரப்பும்போது எடுத்து முத்திரையிட்ட சாம்பிள் குறைந்தது 12 மாதம் கப்பலில் இருக்கவேண்டும் என்ற விதி கைகொடுக்கும். எதுவானாலும் கண்ணாடிப் பாட்டிலில், குளிர வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கையெழுத்தோடு போகாத சாம்பிள் நீதிமன்றத்தில் வெறும் அழுக்குத் தண்ணீர்தான்.

கப்பல் போய்விட்ட பிறகு எண்ணெய் மட்டும் கரையில் ஒதுங்கினால் நிச்சயம் இன்னும் குறைகிறது. ரேடார் செயற்கைக்கோளில் எண்ணெய் கறுப்புத் திட்டாகத் தெரியும், ஏனென்றால் அது சிற்றலைகளை அமுக்கிவிடுகிறது. ஆனால் காற்று விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டருக்குக் கீழே போனால் கடலே கறுப்பாகத் தெரியும். 12-க்கு மேல் போனால் எண்ணெயே தெரியாது. பாசியும் மழையும்கூட அதே கறையைப் போடும். படலம் நீரோட்டத்தோடு முழுமையாகவும் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதமாகவும் நகரும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் அங்கே இருந்த கப்பல்களை, அவை தம் பெயரையும் இடத்தையும் சொல்லி அனுப்பும் தானியங்கி அடையாளச் சமிக்ஞை வழியாகத் தேடுவார்கள். ஒரு நாள் பின்னோக்கிப் போனால் நம்பலாம். மூன்று வாரம் போனால் தேடும் பரப்பு ஒரு கடலாகிவிடும். 2019 ஆகஸ்ட் இறுதியில் பிரேசிலின் வடகிழக்குக் கரையில் ஒதுங்கத் தொடங்கிய எண்ணெய் வெனிசுவேலாக் கச்சா எண்ணெயோடு ஒத்துப்போனது என்பது ஆய்வகம் சொன்னது. அது எந்தக் கப்பலிலிருந்து என்பது வேறு விஷயம். போலீஸ் ஒரு கிரேக்க டாங்கரைச் சுட்டியது, உரிமையாளர் மறுத்தார், ஆதாரமாகக் காட்டிய செயற்கைக்கோள் கறை எண்ணெய்தானா என்று சில ஆய்வாளர்களே கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் இஸ்ரேல் கடற்கரையில் தார் ஒதுங்கியபோது முதலில் சந்தேகப்பட்ட டாங்கரை கிரேக்கத்தில் ஏறிச் சோதித்து விடுவித்தார்கள். பிறகு சுட்டப்பட்டது, சமிக்ஞையை அணைத்துவிட்டு வந்த வேறொரு கப்பல். அந்த இடத்தில் இருந்தது என்பதும் அங்கே கொட்டியது என்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், கூடுதல் பாதுகாப்புக்கென மார்போல் குறித்த சிறப்புப் பகுதிகளுக்கு வெளியே, ஓடிக்கொண்டிருக்கும் டாங்கர் ஒரு கடல் மைலுக்கு 30 லிட்டர் என்ற வரம்புக்குள் டேங்க் கழுவிய நீரோடு எண்ணெயை விட மார்போலே அனுமதிக்கிறது. எண்ணெய் தெரிந்தால் குற்றம் என்றோ ஓட்டை என்றோ அர்த்தமில்லை.

வேண்டுமென்றே வெளியேற்றியது என்றால் விடை காகிதத்தில் இருக்கும். எண்ணெய்ப் பதிவேடு, டேங்க் அளவுக் குறிப்பு, பில்ஜ் நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பிரிப்பான் ஓடிய நேரம் மூன்றையும் ஒப்பிட்டால் கூட்டல் கழித்தல் இடிக்கும். பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு போகும்படி வைத்த குழாயைக் கழற்றி ஒளித்திருந்தாலும், குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சில் புதிதாகச் சுரண்டிய பெயின்டும் பளபளக்கும் போல்ட்டும் மிஞ்சும். விமானத்தின் கறுப்புப் பெட்டி போன்ற பயணப் பதிவுக் கருவியின் பதிவை உடனே சேமிக்கச் சொல்லவேண்டும். 2014 ஜூலை முதல் வந்த கருவிகள் பாதுகாப்புப் பெட்டிக்குள் 48 மணி நேரத்தைத்தான் வைத்திருக்கும், பழையவை 12 மணி நேரம். அதற்குப் பிறகு பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

மூன்றாவது கேள்வி, ஏன் உடைந்தது என்பது, சில சமயம் விடை இல்லாமலே முடியும். 2002 நவம்பர் 13-இல் ஸ்பெயின் அருகே புயலில் பிரெஸ்டீஜ் டாங்கரின் வலப்பக்கம் திறந்துகொண்டது; ஆறு நாள் கழித்து 77,000 டன் கனரக எரிபொருளில் மீதமிருந்ததோடு ஆழ்கடலில் மூழ்கியது. கசியும் இடங்களை நோட்டீல் (Nautile) என்ற பிரெஞ்சு ஆழ்கடல் வாகனம் 3,500 மீட்டருக்கும் கீழே போய்ப் பார்த்து அடைக்கவும் செய்தது. அதாவது, எங்கே கசிகிறது என்பது அந்த ஆழத்தில்கூடத் தெரிந்தது. ஆனால் முதல் உடைவுக்கு என்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றுதான் 2013-இல் தீர்ப்பளித்த ஸ்பெயின் நீதிமன்றம் சொன்னது. உடைந்த முதல் தகடு கையில் இல்லாவிட்டால் துருவா, அலையில் திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் களைத்து விட்ட விரிசலா, வெளி மோதலா என்பது கணினி மாதிரிகளின் வாதமாகிவிடுகிறது.

மாதக்கணக்கில் ஏன் இழுக்கிறது என்பதற்கும் காரணம் இங்கேதான். கசிவை நிறுத்துவதும் இடத்தைச் சுருக்குவதும் பெரும்பாலும் சில நாள் வேலை. அப்புறம் சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றவேண்டும், கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் இடம் கிடைக்கவேண்டும், விரிசலை வெட்டி எடுக்கும்போது உரிமையாளர், காப்பீட்டாளர், சரக்குக்காரர், கப்பலின் கட்டுமானத் தரத்துக்குச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கம், கப்பல் பதிவான கொடி நாடு என்று ஒவ்வொருவரின் சர்வேயரும் பக்கத்தில் நிற்கவேண்டும். ஒருவர் வரத் தாமதமானாலும் யாரும் அந்தத் தகட்டில் கை வைக்க மாட்டார்கள்.